விட்டுக்கொடுக்காத ஆட்டம்

ஏழு வருஷம் கழித்துக் கப்பலை விட்டு இறங்கி வந்த மனிதரை வாசலில் பார்த்துவிட்டு, அவர் பெற்ற பிள்ளையே உள்ளே ஓடிவந்து, "எம்மா, யாரோ ஒரு ஆளு நிக்கிறாரு. மாமு கடைக்கி வழி கேக்க வந்தாரோ இன்னாவோ" என்று சொன்னால் எப்படி இருக்கும்? மீன் கழுவிய கையோடு வாசலுக்கு ஓடினேன். நின்றது என் புருஷன் கமாலுதீன். தாடி பாதி வெளுத்துவிட்டது. காது ஓரமெல்லாம் கரித்தூள் தோலுக்குள் ஏறிப்போயிருந்தது. சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் நின்றார்.

என் மகள் மலிகாவைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் கப்பலேறும்போது அவள் என் வயிற்றில் மூன்று மாதம். பாய்லருக்குக் கரி தள்ளுகிற வேலை. சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றுதான் போனார். நடுவில் உலகச் சண்டை வந்தது. கப்பலை அந்தத் துறைமுகம் இந்தத் துறைமுகம் என்று திருப்பிவிட்டார்கள். ஒரு கப்பல் முழுகிப்போய், எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்து, இன்னொரு கப்பலில் ஏறி, சண்டை முடிந்தும் ஒரு வருஷம் ஆன பிறகுதான் ராயபுரம் வந்து சேர்ந்தார். வீட்டில் படம் மாட்டுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அதனால் அத்தாவுக்கு மூக்கு எப்படி, முழி எப்படி என்று அந்தப் பெண்ணுக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. "ஒங்க அத்தா கப்பல்ல கீறாரு" என்று சொல்லிச் சொல்லி, அவளுக்கு அத்தா என்றாலே துறைமுகத்துச் சுவருக்கு மேலே தெரிகிற புகைபோக்கி என்று ஆகிவிட்டது.

அவளை வளர்த்தது என் அண்ணன் உசேன். தெருமுனையில் கயிற்றுக்கடை வைத்திருக்கிறான். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலி பண்ணிக்கொண்டு ஓடிய வருஷம், மலிகாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஆம்பூர் வரைக்கும் ரயிலில் நின்றபடியே வந்தவன் அவன்தான். அவளுக்கு எது வேண்டுமென்றாலும் மாமு. மாமு மடியில் ஏறுவாள், மாமு தாடியைப் பிடித்து இழுப்பாள், மாமு தட்டிலிருந்து கறித்துண்டைப் பொறுக்குவாள். இத்தனைக்கும் நடுவில் ஒரு நாள் திடீரென்று ஓர் ஆளைக் காட்டி, "இதாண்டி ஒங்க அத்தா, போய் கட்டிப் புடி" என்றால் எந்தப் பிள்ளைதான் போகும்? போகாது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, வயிறு எரிகிறதே.

அவர் ஒரு பொம்மை கொண்டுவந்திருந்தார். மஞ்சள் முடி. படுக்கவைத்தால் கண் மூடும், நிமிர்த்தினால் திறக்கும். எத்தனை துறைமுகம் தாண்டி, துணிக்குள் துணி சுற்றி அதைப் பத்திரமாகக் கொண்டுவந்தாரோ! மலிகா வாங்கிக்கொண்டாள். என் முந்தானைக்குப் பின்னால் நின்று கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டாள். மறுநாள் பொம்மையைக் காணோம். அவள் கையில் ஒரு பம்பரம் இருந்தது.

"பொம்ம எங்கடி?"

"லூயிசு தங்கச்சி கேட்டுச்சி. அத்த குட்த்துட்டு இத்த வாங்கிகினேன். கொய்யா மரத்துக் கட்டம்மா! ஆணிய பாரேன், எப்டி கீது!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. லூயிஸ் என்பவன் எதிர்வீட்டு சிலுவையம்மாளின் மகன். பத்து வயசுப் போக்கிரி. எங்கள் தெருவில் பம்பரத்துக்கு அவன்தான் ராஜா. "சீமப் பொம்மையக் குட்த்துட்டு தெருப் பம்பரத்த வாங்கியாந்துகீறியே, அறிவு கீதாடி ஒனக்கு? பொட்டப் புள்ளைக்கி பம்பரம் இன்னாத்துக்குடி?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். பொம்மையைத் திரும்ப வாங்கி வர நான் புறப்பட்டபோது அவர்தான் தடுத்தார்.

"உடு மரியம். அதுக்குப் புடிச்சத அது எடுத்துக்குச்சி" என்றார்.

குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நிலைகொள்ளவில்லை. அவருக்கு ஆடாத தரையில் தூக்கம் வராது. கப்பல் ஷிப்டு உடம்பில் ஊறிவிட்டது. படுப்பார், எழுந்திருப்பார், துறைமுகச் சுவர் வரைக்கும் போவார், திரும்பி வருவார். அவர் உள்ளே வந்தால் மலிகா வெளியே போய்விடுவாள். அவர் வெளியே போனால் அவள் உள்ளே வந்துவிடுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் அடுப்புக்கும் வாசலுக்குமாக அலைந்தேன். அவள் அவரிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் என்னிடம் கேட்பாள். "அவருக்குத் தண்ணி வோணுமான்னு கேளும்மா." அவர் மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். "நீயே கேளேண்டி, வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று கத்துவேன். அவ்வளவுதான், ஓடிவிடுவாள். ஒரு தடவை நானே தூக்கிப்போய் அவர் மடியில் உட்காரவைத்தேன். உரலை உட்காரவைத்த மாதிரி இருந்தாள். அவரும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் செராங்கு வந்து சேர்ந்தார். கப்பலுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறவர். அவர் ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் அந்த வீட்டு ஆம்பளை புறப்படப்போகிறான் என்று ராயபுரத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"கமாலு, சனிக்கெயம காலைல கப்பல் கெளம்புது. பாய்லருக்கு ஆளு போதல. ஒன்ன மாதிரி கையி எனக்கு எங்க கெடைக்கும்?" என்றார்.

'நான் போகவில்லை' என்று இவர் சொல்வார் என்று கதவுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டு நின்றேன். "பாத்து சொல்றேன் பாய்" என்றார். செராங்கு தெருவைத் தாண்டக்கூட இல்லை, நான் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாங்க இது? கொண்டாந்த மூட்டையக்கூட முழுசா பிரிக்கல, அதுக்குள்ள திரும்பியும் கப்பலா? ஒங்களுக்கு இங்க வேலையா இல்ல? எங்க அண்ணன் கடைக்கி கூப்புட்டுகினேதான கீறாரு?"

"வேலையப் பத்தி பேச்சு இல்ல மரியம்" என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் வூட்ல இருந்தா அது மூலைல போய் குந்திக்குது. நான் வெளிய போனா சிரிக்குது. சொவத்துக்கு அந்தாண்ட நின்னுகினு நானே கேட்டேன். நல்லா சிரிக்குது. நான் போய்ட்டா புள்ள தெனமும் அப்டி சிரிச்சிகினு இருக்கும் இல்ல?"

அடுப்படிக்குப் போய்ப் பானையிடம் சண்டை போட்டேன். அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்தது.

ஆக, நிலைமை இதுதான். சனிக்கிழமைக்குள் அந்தப் பெண் தானாக அவர் பக்கத்தில் போக வேண்டும். போகாவிட்டால் அவர் கப்பலுக்குப் போய்விடுவார். இந்தத் தடவை போனால் எப்போது வருவாரோ, வருவாரோ மாட்டாரோ, யார் கண்டது? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துறைமுகத்தில் எந்தச் சங்கு ஊதினாலும் அந்தக் கப்பல்தானோ என்று திடுக்கிட்டேன்.

அவரும் சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் எங்கேயோ போய் ஒரு பம்பரமும் சாட்டையும் வாங்கிக்கொண்டு வந்தார். தெருவில் பையன்களும் மலிகாவும் ஆடிக்கொண்டிருந்த இடத்துக்கு நேராகப் போய், "நானும் ஆட்லாமா?" என்று கேட்டார். பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மலிகா தன் கையிலிருந்த சாட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். லூயிஸ்தான் பெரிய மனுஷன் மாதிரி, "வாங்க பாய். ஆனா தோத்தா அயக் கூடாது" என்றான்.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பம்பரத்தைச் சுற்றி விடுவார்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே சாட்டையால் எகிறவைத்துக் கையில் பிடிக்க வேண்டும். அதற்கு அபீட் என்று பெயர். கடைசியாகப் பிடிக்கிறவன் தன் பம்பரத்தை வட்டத்துக்குள் வைக்க வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு குத்து, அதன் தலையில் ஆணி இறங்குகிற மாதிரி ஓங்கிக் குத்துவார்கள். குத்தின பள்ளத்துக்கு ஆக்கர் என்று பெயர். குத்து நடுவில் விழுந்தால் கட்டை பிளந்தே போய்விடும். அதனால் உள்ளே வைப்பதற்கென்றே உதவாக்கரைக் கட்டை ஒன்று ஒவ்வொரு பையனிடமும் இருக்கும். விளையாடுகிற நல்ல கட்டையை வட்டத்துக்குள் யாரும் வைக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் தொட்டில் பிள்ளைக்கும் இது தெரியும்.

முதல் நாள் அவர் தோற்றார். அபீட் எடுப்பதில் கடைசி. அவர் கட்டையை உள்ளே வைத்தார், மலிகா ஓங்கிக் குத்தினாள். அவள் கட்டை உள்ளே வந்தபோது இவர் குத்து வட்டத்துக்கு ஒரு சாண் வெளியே விழுந்தது. எனக்கு வாசலில் நின்று பார்க்கப் பார்க்கச் சந்தோஷம். ஆகா, இப்படியே போனால் பிள்ளை ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் தோற்றார். மூன்றாம் நாளும் அதே கதை. அன்றைக்கு மலிகா பாதி ஆட்டத்திலேயே வீட்டுக்கு வந்து சாட்டையை மூலையில் வீசி எறிந்தாள்.

"நான் அவரோட ஆட மாட்டேன்."

"ஏண்டி? தெனம் நீதானடி கெலிக்கிற?"

"அவரு எங்க ஆடறாரு? ஆடற மாறி பண்றாரு."

"பெரியவங்க புள்ளைங்களுக்கு உட்டுக் குடுப்பாங்கடி. அதுல இன்னா தப்பு?"

மலிகா தன் உதவாக்கரைக் கட்டையை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதன் தலை முழுக்கப் பள்ளம். "இங்க பாரு. இது லூயிசு வெச்சது. இதுவும் அவன் வெச்சது. இந்தா, இது போன வாரம். அவன் என்னோட ஆடறான். இவரு வானத்தப் பாத்துகினு குத்தறாரு. நான் இன்னா கைக்கொயந்தையா? பொட்டப் புள்ளன்னுதான உட்டுக் குடுக்கறாரு? பசங்கெல்லாம் சிரிக்கிறானுங்க. 'கப்பக்காரருக்கு பம்பரம் கூட உடத் தெரில'ன்றானுங்க. எனக்கு மானம் போவுது!"

ஏழு வயசு இன்னும் நிறையவில்லை, அதற்கு மானம் போகிறதாம். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, அவர் கை கழுவுகிற இடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஒயுங்கா ஆடுங்களேன். அதுக்கு அதான் வோணுமாம்."

"பெத்த புள்ள கட்டைல என்ன ஆணி எறக்கச் சொல்றியா?" என்றார். "ஏயு வருசமா அதுக்கு நான் ஒண்ணும் குடுக்கல மரியம். ஒரு முட்டாயி கூட வாங்கிக் குடுக்கல. குடுத்த பொம்மையும் அதுக்குப் புடிக்கல. தோக்கறது ஒண்ணுதான் என்னால குடுக்க முடிஞ்சுது. அதையும் வேணான்னா நான் இன்னாதான் பண்றது?"

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கோபத்தை மட்டும் காட்டிவிட்டு உள்ளே போனேன்.

வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து வந்தவர் சாப்பிட்டுவிட்டு, முடிவெடுக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். செராங்குக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். நான் மலிகாவின் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "இன்னிக்கி ஒரு நாளு ஆடுடி. இதுக்கப்பறம் கேக்க மாட்டேன்" என்றேன். அவர் மறுநாள் போய்விடக்கூடும் என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் 'போகட்டுமே' என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

அவள் ஏதோ கெட்ட எண்ணத்தோடுதான் வந்தாள். முகத்திலேயே தெரிந்தது. அபீட் எடுக்கும்போது அவளுடைய பம்பரம் சுற்றிக்கொண்டே இருக்க, குனியாமல் நின்றாள். எல்லாரும் எடுத்த பிறகு சாவகாசமாக எடுத்தாள். வேண்டுமென்றே கடைசி. பிறகு, கொய்யாக் கட்டையை, அந்தச் சீமைப் பொம்மையைக் கொடுத்து வாங்கிய கட்டையை, வட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தாள்.

லூயிஸ் பதறிவிட்டான். "ஏ மலிகா, நல்ல கட்டடி அது! பைத்தியமா ஒனக்கு? எடுத்துட்டு பயச வை!"

"கெடக்கட்டும். மொதல்ல அவருதான குத்தப் போறாரு? அவரு குத்தி எவன் கட்டைக்கி இன்னா ஆச்சி?" என்றாள்.

பையன்கள் ஓவென்று சிரித்தார்கள். சிலுவையம்மாள் வீட்டு ஜன்னலில் இரண்டு தலை முளைத்தது. இவர் சாட்டையைச் சுற்றினார். காது சிவந்திருந்தது. ஆனாலும் அந்த மனுஷன் பார்வை மெல்ல மெல்ல வட்டத்துக்கு வெளியே நகர்வதை நான் பார்த்தேன். மறுபடியும் வெளியேதான் குத்தப்போகிறார். தெருவென்றும் பார்க்காமல் கத்தினேன்.

"இன்னாங்க, அந்தாண்ட இன்னா கீது, பொதையலா? வட்டத்தப் பாருங்க! அது கட்டையப் பாருங்க! ஆயுசுல ஒரு தபா ஒயுங்கா ஆடுங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. முக்காடு தோளில் விழுந்துகிடந்ததை நான் கவனிக்கவில்லை. நான் கத்தினது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மலிகாவைப் பார்த்தார். அவளும் அவரை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"ஒங்களால ஆவாது" என்றாள்.

அவர் கை மேலே போனது. ஏழு வருஷம் கரி அள்ளித் தள்ளிய தோள் அது. பம்பரம் இறங்கினதை நான் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது. டப்பென்று ஒரே ஒரு சத்தம். கொய்யாக் கட்டை நடுவில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி லூயிஸ் காலடியிலும் இன்னொரு பாதி சாக்கடை ஓரத்திலும் போய் விழுந்தது. அவர் பம்பரம் வட்டத்துக்கு நடுவில் நின்று சுற்றிக்கொண்டிருந்தது.

மலிகா அந்த இரண்டு துண்டையும் பார்த்தாள். பிறகு வீறிட்டாள். ஓடிப்போய் அவர் தொடையில், வயிற்றில், எட்டின இடத்திலெல்லாம் கையை மடக்கிக் குத்தினாள். தடுக்க நீட்டிய கையைப் பிடித்துக் கடித்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடித்து முடிக்கும்வரை அப்படியே நின்றார். பிறகு அவள் இரண்டு துண்டையும் பொறுக்கிப் பாவாடையில் போட்டுக்கொண்டு, அழுதபடியே மாமு கடைக்கு ஓடினாள். இராத்திரி அங்கேயே தங்கிக்கொண்டாள் என்று அண்ணன் ஆள் விட்டுச் சொன்னான்.

வீட்டுக்குள் வந்ததும் அவர் கொடியிலிருந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"பாத்தியா? இதுக்குத்தான் நான் மாட்டேன்னேன். இருந்த ஒண்ணையும் ஒடச்சிட்டேன்."

"இன்னா ஒடச்சிட்டீங்க? நீங்க வந்த நாள்லேர்ந்து அது ஒங்கள தொட்டதே இல்ல. இன்னிக்கித்தான் தொட்டுச்சி!"

"கடிச்சிதுடி."

"கடிச்சா இன்னா? நம்ப புள்ள பல்லுதான? அடுத்தவன் புள்ளையா வந்து கடிச்சிது?"

அவர் கேட்கவில்லை. தெருமுனை வரை போய்ச் செராங்குக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்தார். நான் சண்டை போட்டேன், கெஞ்சினேன், மறுபடியும் சண்டை போட்டேன். மூட்டையின் முடிச்சை நான் அவிழ்த்தேன், அவர் கட்டினார். மறுபடி அவிழ்த்தேன், மறுபடி கட்டினார். விடிகிறவரைக்கும் எனக்குக் கண் ஒட்டவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும், அவர் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல், குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். வீட்டில் தண்ணீர் நிறையத்தான் இருந்தது. அங்கே ஒரே கூட்டம். தண்ணீருக்கு இல்லை. பக்கத்துத் தெருப் பிள்ளைகளெல்லாம் எதையோ சுற்றி நின்றுகொண்டு எட்டி எட்டிப் பார்த்தார்கள். நடுவில் துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது என் மகள். இரண்டு கையிலும் இரண்டு துண்டு.

"ஒரே குத்து!" என்றாள். "லூயிசு எத்தினி நாளா குத்திகினு கீறான், ஒரு கட்டையாச்சும் பொளந்துச்சா? கேளு அவன! எங்க அத்தா ஒரே குத்துதான். இங்க பாரு, நட்ட நடுவுல. கோடு போட்ட மாறி."

"நெசம்பா. நான் பாத்தேன்" என்று லூயிஸ் சாட்சி சொன்னான். தன்னை மட்டம் தட்டுகிறாளே என்று கோபமே இல்லை, அவனுக்கும் பெருமையாக இருந்தது.

ஒரு பொடியன், "அய்ய, ஒன் கட்டதான போச்சி? அதுக்குப் போய் இவ்ளோ பீத்திக்கிற?" என்றான்.

"போனா இன்னா? ஒங்க நைனா பொளப்பாரா?" என்றாள் மலிகா.

குடத்தைப் போட்டேன். எங்கே போட்டேன் என்று தெரியாது. வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தேன்.

"எம்மா! எங்கம்மா ஓடற?"

"ஒங்க அத்தா கப்பலுக்குப் போறாருடி!"

"இன்னிக்கா?"

அதற்கு மேல் கேட்கவில்லை. கல்லிலிருந்து குதித்தாள். என்னைத் தாண்டி ஓடினாள். மீன்கூடைக்காரியை இடித்துக்கொண்டு, நாயை மிதித்துக்கொண்டு ஓடினாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது செராங்கு வாசலில் நின்றுகொண்டிருந்தார். இவர் தோளில் மூட்டை ஏறிவிட்டது. மலிகா வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போற?" என்று அவரைக் கேட்டாள்.

அவர் தோள் மூட்டையை இழுத்துச் சரிசெய்தார். செராங்குதான், "கப்பலுக்கும்மா. வழி உடு" என்றார். அவள் செராங்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு துண்டையும் அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"இத்த யாரு பொளந்தது?"

"நான்தாம்மா" என்றார். திருடிப் பிடிபட்டவர் மாதிரி குரல்.

"அப்ப ஒன்னுத நான் பொளக்க வேணாவா? கெலிச்சிட்டு ஓடறது அயுகுணி ஆட்டம். தெரியுமா தெரியாதா?"

அவர் மூட்டையோடு அப்படியே குந்திவிட்டார். இரண்டு பேர் முகமும் ஒரே உயரத்துக்கு வந்தது.

"என் கட்டைய ஒன்னால இப்ப பொளக்க முடியாதும்மா."

"ஏன்?"

"கை வரணும். ரொம்ப நாளு ஆவும். வருசங்கூட ஆவும்."

"நீ உட்டுக் குடுக்க மாட்டியே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"மாட்டேன்" என்றார்.

"அல்லா மேல ஆணையா?"

"அல்லா மேல ஆணையா. ஒரு குத்து கூட உட்டுக் குடுக்க மாட்டேன்."

மலிகா அவர் தோளிலிருந்த மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"அப்ப வருசம் ஆவட்டும். எறக்கி வை."

செராங்கு இவரைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "இன்னாம்மா இது? சங்கு ஊதப் போறான். ஆளு வருவாரா மாட்டாரா?"

"அவளக் கேளுங்க பாய்" என்றேன்.